அகலிலும் அடுக்களையிலும் நல்லெண்ணெய்

சனிக்கிழமைதோறும் சனீஸ்வரர் சந்நிதியில் நல்லெண்ணெய் தீபம் ஏற்றி வழிபடுதல் பக்தர்களின் வழக்கம். அகலில் எரியும் அவ்வெண்ணெயே அடுக்களையிலும் உணவாகிறது. அதில் ஏறத்தாழ 40 விழுக்காடு லினோலியிக் அமிலம் என்னும் கொழுப்புச் சத்தாகும். உடல் இதனைத் தானே உண்டாக்கிக்கொள்ள இயலாது. உணவின் வழியாகவே பெறவேண்டும். பெற்றதில் ஒரு பகுதியை உடல் காமா லினோலெனிக் அமிலமாக மாற்றிக்கொள்கிறது. அழற்சியைத் தணிக்கும் சில பொருள்கள் அதிலிருந்து உருவாகின்றன.

இந்த அமிலத்தை மிகுதியாகக் கொண்ட எண்ணெய்கள் இன்று மாத்திரையாகவும் விற்கப்படுகின்றன. வட அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்டு, அந்திப்பொழுதில் மலரும் ஈவ்னிங் பிரிம்ரோஸ் செடியின் விதையெண்ணெய் அவற்றுள் பெயர் பெற்றது. வெளிநாட்டில் வாழும் பிள்ளைகள், பெற்றோரின் மூட்டுவலி தீரட்டும் என்று இம்மாத்திரைகளை அன்புடன் வாங்கி வருவதுண்டு. அவற்றை உட்கொள்ளுமுன் மூன்று செய்திகளை அறிதல் நன்று.

முதலாவது, பயன். முடக்குவாதத்தில் வலியும் விறைப்பும் ஓரளவு குறைந்ததாகச் சில ஆய்வுகள் கூறுகின்றன. ஆயின் முதுமையில் குருத்தெலும்பு தேய்வதால் வரும் முழங்கால்வலி வேறு. இரண்டையும் ஒன்றெனக் கொள்ளலாகாது. கரப்பான் நோய்க்கு இவ்வெண்ணெயை மருந்தாக விற்கப் பிரிட்டனில் அளிக்கப்பட்டிருந்த உரிமம், பயன் போதிய அளவு நிறுவப்படவில்லை என்று 2002-ஆம் ஆண்டு திரும்பப் பெறப்பட்டது.

இரண்டாவது, பாதுகாப்பு. இரத்தம் உறையாதிருக்க மருந்து உட்கொள்வோரும், வலிப்பு நோய் உடையோரும், அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறிக்கப்பட்டோரும் மருத்துவரைக் கேளாமல் இதனைத் தொடங்குதல் கூடாது. மருத்துவர் தந்த மருந்தை நிறுத்திவிட்டு இதனை நம்புதலும் தகாது.

மூன்றாவது, நியமம். உள்ளிருக்கும் எண்ணெய் தாவரத்தினுடையதே. ஆனால் அதன் மேலுறை பெரும்பாலும் விலங்குகளின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கப்படும் ஜெலட்டினால் ஆனது. வாழ்நாள் முழுதும் சைவ உணவே கொண்டோர் பலர் இதை அறியார். தாவரப் பொருளால் செய்த உறையும் கிடைக்கிறது. குப்பியின் மேலுள்ள குறிப்பைப் பிள்ளைகளைக் கொண்டு படித்தறியலாம். அறியாது உட்கொண்டவர் மனம் கலங்கவேண்டியதில்லை. அறிந்தபின் விலக்கினால் போதும்.

பிள்ளைகளின் அன்பை மறுக்கவேண்டுவதில்லை. மாத்திரையை மட்டும் மருத்துவரிடம் காட்டிய பிறகு ஏற்கலாம். அன்றாட உணவில் அளவோடு சேரும் நல்லெண்ணெயிலிருந்தே அவ்வமிலத்தை ஆக்கிக்கொள்ளும் வகையை இறைவன் இவ்வுடலுக்கு அருளியிருக்கிறான்.