இசையும் இங்கே, மருத்துவமும் இங்கே: சேர்த்து வையுங்கள்!

கடலூர் மாவட்ட மக்களே!

பக்கவாதத்தால் பேச்சு போன சிலர் ஒரு வார்த்தை சொல்லத் தவிப்பாங்க. ஆனா பழகின பாட்டைப் பாடிடுவாங்க. இது அதிசயம் இல்லீங்க. பேச்சுக்கான பகுதி பெரும்பாலானவர்களுக்கு மூளையின் இடப்பக்கம். பாட்டுக்கு வலப்பக்கமும் கைகொடுக்கிறது. இதை வைத்து, ராகம் போட்டுப் பேசப் பழக்கும் சிகிச்சையை அமெரிக்காவின் பாஸ்டன் ஆய்வாளர்கள் 1973-லேயே வெளியிட்டார்கள். தாளத்துக்கு அடியெடுத்து நடை பழகலாம். "நீ ஒரு தட்டு, நான் ஒரு தட்டு" என மேளம் தட்டி, ஆட்டிசம் உள்ள குழந்தை மற்றவரோடு பழகலாம். மருந்துக்கு மாற்று அல்ல இது. மருந்தோடு சேர வேண்டியது.

1941-ல் தமிழிசைக்காக மாநாடு கூட்டிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் நம்ம சிதம்பரத்தில்தான் இருக்கு. அதன் இசைத்துறையும், கடலூர் மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரியும் அதே அண்ணாமலை நகரில்தான். இரண்டும் மக்கள் வரிப்பணத்தில் நடப்பவை.

2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் சுமார் 11.8 லட்சம் பேர். மறுவாழ்வுச் சேவை தருவது அரசின் கடமை என்கிறது 2016 சட்டம். சலுகை இல்லை, உரிமை!

நாங்கள் கேட்பது இரண்டே:

🔹 சிதம்பரம் அரசு மருத்துவமனையில் பயிற்சி பெற்ற இசை சிகிச்சையாளருக்கு நிரந்தரப் பணியிடம்.

🔹 கடலூர் தலைமை மருத்துவமனையிலும் சிறப்புப் பள்ளிகளிலும் வாரம் ஒருநாள் இலவச சிகிச்சை.

ஆண்டுக்கொரு கச்சேரி நடத்திப் பொன்னாடை போர்த்தினால் போதாது. உங்க வீட்டில், தெருவில் இந்தத் தேவை இருக்கா? திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுங்க. நாங்களும் கூட வருகிறோம்.

#இசையும்_மருத்துவமே #மாற்றுத்திறனாளிகள்_உரிமை