கல்யாணத்துக்கும் ஒரு சாகுபடித் திட்டம் வேணும்

விவசாயி வீட்டுக் கல்யாணத்துக்கு இப்போ தேதி குறிக்கிறது யாரு? ஜோசியர் நாலு நாள் எழுதித் தருவார். அதில் மண்டபம் எந்த நாள் காலியோ, அதுதான் முகூர்த்தம். வயலில் என்ன நிக்குது, எப்போ களத்துக்கு வரும், பணம் எப்போ கைக்கு வரும் என்று கேட்பார் இல்லை. அந்தக் கேள்வியை முதலில் கேட்கிற வீட்டில் கல்யாணம் நிலத்தைத் தின்னாது என்பது என் கட்சி.

வங்கியில் விவசாயக் கடன் மேசையில் பல வருஷம் உட்கார்ந்து பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். கிசான் கடன் அட்டையில் தருகிற பயிர்க்கடனில் வீட்டுச் செலவு, அறுவடைக்குப் பிந்தைய செலவு இவற்றுக்கென்று சேர்ப்பது பத்து சதவீதம்தான். பெரும்பகுதி பயிருக்கானது. 3 லட்சம் வரை 7 சதவீத வட்டி. கெடுவுக்குள் கட்டினால் 3 சதவீதம் சலுகை, ஆக 4 சதவீதம். இதைவிட மலிவான பணம் விவசாயிக்கு எங்கே கிடைக்கும்? ஆனால் அந்தப் பணம் ஆவணிக் கல்யாணத்தில் பந்தலாகவும் பட்டாகவும் போய்விடும். புரட்டாசியில் நாற்று விடக் கையில் காசு இருக்காது. பிறகு வெளிக்கடன். மூணு வட்டிக்கு 3 லட்சம் வாங்கினால் மாசம் 9,000 ரூபாய், வருஷத்துக்கு 1,08,000 ரூபாய் வட்டி மட்டும். ஒரு ஏக்கர் சம்பாவில் செலவு போக அவ்வளவு மிஞ்சுமா? நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்க.

நம்மைப் போல இயற்கை விவசாயம் செய்கிறவர்களுக்கு இதில் இன்னொரு ஆபத்து இருக்கு. கடன் கழுத்தை நெரிக்கும்போது முதலில் விலைபோவது மாடு. மாடு போனால் சாணம் இல்லை, கோமியம் இல்லை. அப்புறம் ஏது ஜீவாமிர்தம், ஏது பஞ்சகவ்யம்? அடுத்த போகம் எப்படியாவது கூடுதலாக எடுத்து வட்டியைக் கட்டணும் என்று உரக்கடையில் கடன் சொல்லி நாலு மூட்டை யூரியா வரும். அங்ககச் சான்றிதழுக்கு மாற்றுக் காலம் ஒரு போகப் பயிருக்கு இரண்டு வருஷம், தோட்டப் பயிருக்கு மூணு வருஷம். அந்த நாலு மூட்டையில் அத்தனையும் மறுபடி முதலிலிருந்து. அதனால் கல்யாணத்தைத் திட்டம் போட்டு நடத்துறது வீட்டு விஷயம் மட்டும் இல்லை, மண்ணு விஷயமும்தான்.

சரி, எப்படித் திட்டம் போடறது? தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்க. டெல்டாவில் சம்பா போடுகிற ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். கல்யாணம் மாசியில். தையில் அறுவடை முடிந்து, நெல் விற்ற காசு வந்து, ஆட்களும் ஓய்வாக இருக்கிற நேரம். மழையால் அறுப்பு தள்ளிப்போனாலும் பதினைந்து நாள் இடைவெளி இருக்கும்படி நாள் பாருங்க.

பந்தி அரிசி அந்தத் தையில் அறுத்த நெல்லாக இருக்கக் கூடாது. புது அரிசிச் சோறு குழைந்துவிடும். முந்தின தை நெல்லையே எடுத்து வைக்கணும். சாப்பாட்டுக்குத் தூயமல்லியோ கிச்சிலிச் சம்பாவோ, பிரியாணிக்குச் சீரகச் சம்பா. ஆயிரம் இலைக்குச் சுமார் 110 முதல் 120 கிலோ அரிசி, அதற்கு 180 முதல் 200 கிலோ நெல். அவ்வளவுதான்! இந்த நெல்லைத் தனியாக எடுத்து வைக்க முடியாத வீடு நம்மில் எத்தனை?

முந்தின மாசி, பங்குனியில் வாழைக்கன்று வைத்தால் கல்யாணத்துக்குத் தார் தயார். இலை அதற்கு வெகு முன்பே கிடைக்கும். சேனை, மஞ்சள் இரண்டும் சித்திரை, வைகாசியில் மண்ணுக்குள் போகணும். புரட்டாசியில் மேட்டுப் பாங்கான இடத்தில் பரங்கி, பூசணி. இவை முன்னதாக முற்றினாலும் கவலை இல்லை, பரணில் கிடக்கும். கார்த்திகையில் கத்தரி நாற்று விட்டு மார்கழியில் நட்டால் மாசியில் காய் பறிக்கலாம். செண்டுமல்லியையும் மார்கழியில் நடுங்க, தோரணத்துக்குப் பூ ஆச்சு. தை பிறந்ததும் வெள்ளரி.

எல்லாத்தையும் ஒரே வீட்டில் விளைவிக்க வேண்டியதில்லை. செக்கு எண்ணெய் ஒருவரிடம், நாட்டுச் சர்க்கரை ஒருவரிடம், பருப்பு ஒருவரிடம் என்று நம் நண்பர்களிடமே ஆறு மாசம் முன்னால் சொல்லி, விலையையும் எழுதிக்கொள்ளுங்க. ‘நம்ம ஆளுதானே’ என்று விலையைக் குறைக்காதீங்க. அதேபோல, தோட்டத்தை நம்பி முழுசாகவும் இருக்காதீங்க. தை கடைசியில் ஒருமுறை சுற்றிப் பார்த்து, எது வரும் எது வராது என்று குறித்து, குறைகிறதை வெளியே சொல்லி வைக்கணும்.

அடுத்தது நோட்டு. ஒரே நோட்டு போதும். முதல் பாதியில் வேலை, யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள். அடுத்த பாதியில் மதிப்பீடு, கொடுத்த முன்பணம், பாக்கி. வங்கியில் பணத்தை எண்ணுகிறவர் கையிலேயே பேரேட்டையும் கொடுக்க மாட்டோம். வீட்டிலும் அப்படியே செய்யுங்க: பணம் ஒருத்தர் கையில், கணக்கு இன்னொருத்தர் கையில், வாரம் ஒருநாள் இரண்டு பேரும் உட்கார்ந்து சரிபார்க்கணும். மண்டபத்துக்காரரிடம் வாடகை மட்டும் கேட்டு வராதீங்க. ஜெனரேட்டர் டீசல், கேஸ், துப்புரவு, மின்சாரம் எல்லாம் உள்ளேயா வெளியேயா, எத்தனை மணிக்குக் காலி பண்ணணும், தேதி மாறினால் முன்பணம் திரும்புமா என்பதை எழுத்தில் வாங்குங்க. பட்ஜெட் கைமீறுவது பெரும்பாலும் இந்தச் சில்லறையில்தான்.

மொய்யை வரவில் எழுதாதீங்க. மொய் வருமானம் இல்லை, வட்டியில்லாக் கடன். ஒவ்வொரு பெயருக்கும் நேரே திருப்பிச் செய்ய வேண்டிய நாள் ஒன்று காத்திருக்கு. ‘மொய் வந்தா அடைச்சிடலாம்’ என்று வெளிக்கடன் வாங்குவது, ஒரு கடனை வைத்து இன்னொரு கடனை அடைக்கிற வேலை. பரிசுப் பொருட்களுக்கும் தனிப் பட்டியல் வேணும். வரதட்சணைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வந்த 1985ஆம் வருஷத்து விதிகள், பெண்ணும் மாப்பிள்ளையும் அவரவர் பெற்ற பரிசுகளுக்குப் பட்டியல் வைத்திருக்கணும் என்கின்றன. அதே நோட்டில் இன்னொரு வரியும் சேருங்க: கல்யாணம் முடிந்த 90 நாளுக்குள் பதிவு. தமிழ்நாட்டில் 2009ஆம் வருஷத்துச் சட்டப்படி அது கட்டாயம்.

இதைச் சொன்னால் இரண்டு எதிர்ப்பு வரும். ஒன்று, ‘ஊர் என்ன சொல்லும்?’ ஊர் எதையும் சொல்லும். வட்டியை மட்டும் கட்டாது. மண்டபத்துப் பந்தியில் பதினெட்டு வகை வைத்து பாதி இலையில் கிடக்கிறதைவிட, சொந்தத் தூயமல்லிச் சோறும் நம் வாழை இலையும் கௌரவக் குறைச்சல் இல்லை. எழுந்த இலையெல்லாம் எருக்குழிக்குப் போகும். பிளாஸ்டிக் விரிப்பும் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் 2019 ஜனவரி முதல் நம் மாநிலத்தில் தடை. அதை முதலில் மதிக்க வேண்டியவர்கள் நாம்.

இரண்டாவது எதிர்ப்பு நியாயமானது. ‘விளைவிக்கச் சொல்றது நீங்க, நெல்லு அவிக்கிறதும் பருப்பு புடைக்கிறதும் நாங்கதானே?’ என்று வீட்டுப் பெண்கள் கேட்பார்கள். கேட்கணும். அந்த வேலைக்கு ஆள் வைத்து, கூலியைக் கல்யாணச் செலவில் முதலில் எழுதுங்க. அம்மா முதுகில் ஏற்றிய சிக்கனம் சிக்கனம் ஆகாது.

கல்யாணம் நல்லபடி நடந்ததா என்று பந்தியை வைத்து அளக்க வேண்டாம். மறுநாள் காலையில் மூணு இடத்தைப் பாருங்க. கொட்டகையில் மாடு நிக்குதா? பெட்டியில் பத்திரம் இருக்கா? விதைநெல் கோட்டை அவிழ்க்காமல் இருக்கா? மூணும் இருந்தால் அது நல்ல கல்யாணம். உங்க வீட்டில் வருஷம், ஒன்றரை வருஷத்தில் ஒரு கல்யாணம் வருவதாக இருந்தால், முகூர்த்தம் இல்லாத இந்த ஆடியிலேயே நோட்டைப் பிரிச்சு முதல் பக்கத்தை எழுதிடுங்க.