மேல்மண்ணுக்குச் சுமை என்று பெயர்

நிலக்கரிச் சுரங்கத் துறையில், கரிப்படுகைக்கு மேல் கிடக்கும் மண்ணையும் பாறையையும் 'ஓவர்பர்டன்' என்கிறார்கள். மேற்சுமை என்று பொருள். உழவருக்கு நிலம் என்பதே அதுதான். எனவே சுரங்கம் ஓய்ந்தபின் மீட்கப்பட வேண்டியது எது என்பதில் இரு தரப்பும் ஒரே மொழி பேசுவதில்லை.

2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், அகழ்ந்து முடித்த நிலத்தில் மீண்டும் புல் வளர்த்து, தீவனம் விளையும் நிலைக்குக் கொண்டுவருவதைச் சுரங்கக் குத்தகையின் நிபந்தனையாக்குமாறு மத்திய அரசுக்கு ஆணையிட்டது. தீவனம் என்ற சொல் இங்கே கவனத்துக்குரியது. பசுமைப் பரப்பைச் செயற்கைக்கோள் படத்தில் அளந்துவிடலாம். தீவனத்தை மாடுதான் அளக்க வேண்டும். ஆடும் வாய்வைக்காத தைலமரத்தை நட்டுக் கணக்குக் காட்டினால், ஏட்டில் நிலம் மீண்டுவிடும். மேய்ச்சல்காரருக்கு மீளாது.

மக்கள் பங்கேற்பு என்ற பேச்சு புதிதன்று. 1985இல் டூன் பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக்கல் குவாரிகள் பலவற்றை மூடச் சொன்ன அதே நீதிமன்றம், வேலையிழந்த தொழிலாளரை இயன்றவரை காடு வளர்ப்பிலும் மண் பாதுகாப்பிலும் அமர்த்தவும் பணித்தது. நல்ல ஆணைதான். ஆனால் அங்கும் மக்கள் கூலிக்குக் குழி தோண்டுபவர்களே. எதை நடுவது என்று தீர்மானிப்பவர்கள் அல்லர்.

மண்சரிவின் கோணத்தையும் குழிநீரின் அமிலத்தையும் பொறியாளர் சோதிக்கட்டும். எந்தப் புல், எந்த மரம், மேய்ச்சல் வழி எங்கே என்பவை கிராம சபைக்கு உரியவை. சுரங்க மூடலுக்கென நிறுவனங்கள் கட்டும் வைப்புத்தொகை, அச்சபை ஒப்பும்வரை விடுவிக்கப்படலாகாது.