எலும்புக்கு என்ன அறை?

லஸ் முனையில் காபி குடித்துக்கொண்டே இரண்டு பெரியவர்கள் முட்டிவலியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். "ஆயிரம் ரூபா வாங்கறார் ஓய். கை நன்னா இல்லாமயா வாங்குவார்?" என்றார் ஒருவர். இன்னொருவர் தலையாட்டினார். பேச்சு அத்தோடு முடிந்து கச்சேரி சீசனுக்குத் தாவியது.

மயிலாப்பூரிலிருந்து அடையாறு வரை இந்தக் கணக்குக்கு மறுப்பே கிடையாது. அதிகம் வாங்குகிறவர் நல்ல டாக்டர், குறைவாக வாங்குகிறவர் சுமார், ஒன்றுமே வாங்காத அரசு டாக்டர் வேறு வழியில்லாதவர்களுக்கு. இதே ஜனங்கள் தி.நகரில் புடவை எடுக்கும்போது இப்படி ஏமாறுவதில்லை. காஞ்சிப் பட்டுக்கு உஸ்மான் சாலை அடுக்குமாடிக் கடையில் ஒரு விலை, கோ-ஆப்டெக்ஸில் ஒரு விலை என்றால், "ஏ.சி.க்கும் விளம்பரத்துக்கும் சேர்த்துத் தீட்டறான்" என்று சொல்லிவிட்டு முந்தானையைத் திருப்பி ஜரிகையைப் பார்ப்பார்கள். எலும்பு டாக்டரிடம் போனால் மட்டும் தரையில் பதித்த கல்லைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள்.

நானும் அப்படி உட்கார்ந்தவன்தான். இரண்டு வருடத்துக்கு முன் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பு உடைந்துவிட்டது என்று வீட்டில் சொல்வோமே, அது: தொடையெலும்பின் கழுத்தில் முறிவு. தென்சென்னையில் ஒரு பெரிய மருத்துவமனை, பெயர் வேண்டாம். எஸ்டிமேட் கேட்டேன். கவுன்டரில் இருந்த பெண், "எந்த ரூம் சார்?" என்றார். வாடகைக்காகக் கேட்கிறார் என்று நினைத்தேன். ஜெனரல் வார்டு, ஷேரிங், சிங்கிள் என்று மூன்று தாள்கள் கொடுத்தார். வாடகை மாறியிருந்தது, நியாயம். சர்ஜன் ஃபீஸும் மாறியிருந்தது. மயக்க டாக்டரின் ஃபீஸும், தியேட்டர் சார்ஜும்கூட. அதே டாக்டர், அதே தியேட்டர், உள்ளே வைக்கப்போகும் அதே உலோகப் பந்து. தனி அறையில் படுத்தால் அம்மாவின் எலும்பு இன்னும் கொஞ்சம் உடையுமா என்று கேட்டேன். "பாலிசி சார்" என்றார்.

அந்த ஒரு கேள்வியிலேயே விஷயம் முழுக்க இருக்கிறது. சர்ஜன் ஃபீஸ் என்று பில்லில் அச்சாகும் தொகை அவர் கையை அளந்து போட்டதல்ல, நாம் படுக்கும் கட்டிலை அளந்து போட்டது. இன்ஷூரன்ஸ்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அனுமதித்த வாடகைக்கு மேல் அறை எடுத்தால், பல பாலிசிகளில் வாடகை வித்தியாசத்தோடு விடமாட்டார்கள். நாளுக்கு 5,000 அனுமதி, நீங்கள் எடுத்தது 10,000 ரூபாய் அறை என்றால், டாக்டர் ஃபீஸிலும் பாதியை வெட்டி உங்கள் தலையில் வைப்பார்கள். மருந்துக்கும் இம்ப்ளாண்டுக்கும் அந்த வெட்டு கூடாது என்று 2020-இல் ஒழுங்குமுறை ஆணையம் சொல்லிவிட்டது. உலோகத்துக்கு அறை தெரியாது என்பதை அவர்களாவது ஒப்புக்கொண்டார்கள்.

அந்த உலோகத்தின் கதையும் ஒன்று இருக்கிறது. 2017 ஆகஸ்ட் 16 அன்று மத்திய அரசு முட்டி இம்ப்ளாண்டுகளுக்கு உச்சவிலை வைத்தது. சராசரியாக 1,58,324 ரூபாய் என்று விலை போட்டிருந்த கோபால்ட்-குரோமியம் முட்டி, வரி நீங்கலாக 54,720-க்கு இறங்கியது. அதன் பிறகும் இரண்டு மருத்துவமனைகளின் பேக்கேஜுக்கு இடையே மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இருக்கிறதென்றால், அது முட்டியில் இல்லை. சுவரிலும் லாபியிலும் இருக்கிறது.

கட்டணமே இல்லாத இடத்துக்கு வருவோம். ராயப்பேட்டை அரசு மருத்துவமனை மயிலாப்பூர்க் குளத்திலிருந்து ஆட்டோக்காரரிடம் பேரம் பேசி முடிப்பதற்குள் வந்துவிடும். தமிழக அரசின் ஊதிய அட்டவணையில் உதவி மருத்துவர் 56,100 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தில் நுழைகிறார். ராமநாதபுரத்திலும் அதுதான், ராயப்பேட்டையிலும் அதுதான். வீட்டு வாடகைப் படிதான் ஊருக்கு ஊர் மாறும். மாதம் 5 முறிவைச் சரிசெய்தாலும் 50 செய்தாலும் சம்பளம் ஒன்றே. 2009-இன் அரசாணை 354-ஐ முன்வைத்து ஊதிய உயர்வு கேட்டு 2019 அக்டோபர் 25-இல் வேலைநிறுத்தம் தொடங்கிய அரசு டாக்டர்கள், ஒரு வாரத்தில் வெறுங்கையோடு திரும்பினார்கள். சம்பளம் குறைவு, ஆகவே திறமை குறைவு என்று நம் வீட்டுக் கூடத்தில் தீர்ப்பு சொல்கிறோம். நெடுஞ்சாலையில் நொறுங்கியவர்களை 108 வண்டி இரவெல்லாம் கொண்டுவந்து இறக்குவது யாருடைய மேசையில்? உடைந்த எலும்பை அதிகம் பார்த்த கண் எங்கே இருக்கும்?

புற்று பிடித்த எலும்புக்காகக் காலையே வெட்டி எடுத்த காலத்தில், அந்த எலும்பை மட்டும் நீக்கி உலோக எலும்பைப் பொருத்திக் காலைக் காப்பாற்றும் முறையை இங்கே வளர்த்தவர்களில் முக்கியமானவர் மயில்வாகனன் நடராஜன். சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர், 2007-இல் பத்மஸ்ரீ பெற்றவர். அரசுச் சம்பளப் பட்டியலில் பெயர் இருந்தவர்தான்.

இன்னொரு வேடிக்கை. தமிழ்நாட்டில் அரசு டாக்டர்கள் பணி நேரத்துக்கு வெளியே தனியாகப் பார்க்கலாம். காலையில் அரசு ஓ.பி.யில் "ஜி.எச். டாக்டர்தானே" என்று நாம் ஒதுக்கும் அதே ஆள், மாலையில் மந்தைவெளிப் பக்கம் ஒரு மாடிப்படி ஏறி கிளினிக் திறந்தால், டோக்கன் வாங்கிக் காத்திருக்கிறோம். படிக்கட்டு ஏறும்போது கை மாறிவிடுகிறதா?

பெரிய இடத்துச் சம்பளம் எப்படி உருவாகிறது என்பதையும் பார்க்க வேண்டும். புதிதாகச் சேரும் சர்ஜனுக்கு ஓரிரு வருடம் 'எம்.ஜி.' என்பார்கள்: மினிமம் கேரண்டி. அதற்குப் பிறகு அவர் கொண்டுவரும் வருமானத்தில் பங்கு. ஓ.பி.யில் உட்கார்ந்து, "ஆபரேஷன் வேண்டாம்மா, எடையைக் குறையுங்கள், பிசியோ செய்யுங்கள்" என்று பத்துப் பேரைத் திருப்பி அனுப்பும் டாக்டரின் பங்கு மெலிந்துதான் போகும். எல்லாரும் கத்திக்கு அலைகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. கொழுத்த வருமானத்தைத் திறமைக்கு அத்தாட்சியாகக் காட்டாதீர்கள் என்கிறேன். சில சமயம் அது தேவையில்லாமல் மாற்றப்பட்ட முட்டிகளின் கணக்காகவும் இருக்கலாம்.

ஊர்க் கணக்கும் நாம் நினைப்பதற்குத் தலைகீழ். சென்னையில் எம்.எஸ். ஆர்த்தோ முடித்தவர்கள் வரிசையில் நிற்பதால் தொடக்கச் சம்பளம் இங்கே படுத்துக் கிடக்கிறது, வெளி மாவட்டத்தில் வீடும் கொடுத்துக் கூடுதலாகவும் பேசுகிறார்கள் என்று எனக்குத் தெரிந்த இளம் டாக்டர்கள் புலம்புகிறார்கள். அமெரிக்காவிலும் ஆள் குறைந்த மாநிலங்கள் பெருநகரங்களைவிட அதிகம் கொடுத்து இழுப்பது வழக்கம். பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் எலும்பு டாக்டருக்கும் தோல் டாக்டருக்கும் ஒரே ஊதிய அளவு, லண்டனுக்குச் சின்னதாக ஒரு படி. ஆக, சம்பளம் சந்தையையும் சட்டத்தையும் பேசுகிறது, கையைப் பேசுவதில்லை. எலும்பும் சதையும் பிய்ந்த காலைக் காப்பாற்றலாமா என்று மதிப்பிட உலகத்து சர்ஜன்கள் எடுத்துப் பார்க்கும் மதிப்பெண் முறைகளில் ஒன்றுக்குக் கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் பெயர். போட் கிளப் சாலை விலாசம் அதற்குத் தேவைப்படவில்லை.

பெரிய மருத்துவமனையில் தியேட்டர் சுத்தம், கிருமி தொற்றாது என்பார்கள். இருக்கலாம், முட்டி மாற்றத்தில் அது பெரிய விஷயமும்கூட. அப்படியானால் அதைக் கேளுங்கள்: போன வருடம் எத்தனை பேருக்குச் சீழ் வைத்தது? இந்த ஆபரேஷனை மாதம் எத்தனை செய்கிறீர்கள்? கீரைக்காரியிடம் நாலு கேள்வி கேட்கிற ஊர், டாக்டர் அறையில் மட்டும் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு மௌன விரதம் இருக்கிறது.

அம்மாவை ஷேரிங் ரூமில்தான் சேர்த்தோம். தையல் பிரித்த அன்று டாக்டரிடம் அந்த மூன்று தாள்களையும் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கிப் படித்துவிட்டுச் சிரித்தார். "மேசையில படுக்க வெச்சப்புறம் எந்த ரூம் கேஸுன்னு எனக்கே தெரியாது சார்" என்றவர், அம்மாவை நாலு அடி நடக்கச் சொன்னார்.