பெயரில்லாத சுருள்வில்

மாடு வாங்கப் போகிறவன் பல்லைப் பிடித்துப் பார்ப்பான், சுழி பார்ப்பான், நாலடி நடக்கவிட்டும் பார்ப்பான். பழைய கார் வாங்கப் போகிறவனோ வர்ணத்தைப் பார்க்கிறான். ஆசனத்தைத் தடவிப் பார்க்கிறான். வானொலியை ஒலிக்கவிட்டுப் பார்க்கிறான். அவ்வளவு பாரத்தையும் தாங்கி நிற்கும் சுருள்வில்லைக் குனிந்து பார்ப்பவர் மிகச் சிலரே.

நம் தமக்கையாரின் மகன் 2023இல் ஒரு பழைய யப்பான் கார் வாங்கினான். 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதிலிருந்து, 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறக்கும்வரை, நாட்டிலிருந்த பழைய கார்களே கைமாறிக் கொண்டிருந்தன என்பதை வாசகர் அறிவர். அந்தக் காரும் பல கை கண்டது. நிலத்தோடு ஒட்டினாற்போலப் பதிந்து நின்றது.

"சிங்கம் பதுங்கினாற்போல இல்லையா, மாமா?" என்றான்.

"சிங்கத்துக்குக் கால் யார் போட்டது?" என்று கேட்டோம்.

"வாங்கும்போதே இப்படித்தான் இருந்தது. விற்றவருக்கும் தெரியாதாம்."

அடுத்த கிழமை தாய் தந்தையரை ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போவதாகவும் சொன்னான். அப்போதுதான் நமக்கு மனம் திடுக்கிட்டது.

கடுகண்ணாவையில் வாழ்கிறவர்க்கு இறக்கம் என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. கப்டன் டோசன் 1820களில் அமைத்த அந்த மலைப்பாதையில், அவர் நினைவாக எழுந்த கோபுரமும் குடைந்த பாறையும் இன்றும் நிற்கின்றன. அப்பாதையில் இறங்கும் வண்டி, தடை பிடிக்குந்தோறும் முன் சக்கரங்களின் மீது சாய்கிறது. வளையுந்தோறும் வெளிப்புறச் சக்கரங்களின் மீது சாய்கிறது. அந்தச் சாய்வையெல்லாம் ஏந்துவது வில். வில்லின் துள்ளலை அடக்குவது ஷொக் அப்சோபர். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தியிருத்தல் வேண்டும்.

எனவே காரைக் கராஜில் ஏற்றிச் சக்கரங்களைக் கழற்றச் செய்தோம். முதலிற் செய்தது துணியால் துடைத்ததுதான். நல்ல வில்லின் சுருளில் இலக்கம் அச்சிடப்பட்டிருக்கும். ஷொக் அப்சோபரின் உடலிலும் இலக்கம் பொறித்திருக்கும் அல்லது ஒட்டியிருக்கும். இலக்கம் கிடைத்தால் அது எந்தக் காருக்குச் செய்தது என்று ஒப்பிட்டறியலாம். முன் வில்களில் பச்சை வர்ணம் மட்டும் இருந்தது. எழுத்து ஒன்றும் இல்லை. "பச்சை என்றால் தெயின், மஞ்சள் என்றால் பில்ஸ்டைன்" என்று கராஜிலிருந்த பையன் ஒருவன் சொன்னான். யப்பானிய, ஜேர்மானிய நிறுவனங்களான அவற்றுக்கு அந்நிறங்கள் உரியனவே. ஆயினும் ஒரு டப்பா வர்ணம் எவர்க்கும் கிடைக்கும். நிறம் சாட்சி சொல்லலாம், தீர்ப்புச் சொல்லாது.

பெயர் கிடைக்காதபோது அளவு பேசும். கம்பியின் பருமன், சுருளின் அகலம், சுருள்களின் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் அளந்தால் வில்லின் கடினத்தைக் கணித்துவிடலாம். மற்றவை மாறாதிருக்க, கம்பி 12 மில்லிமீற்றரிலிருந்து 13 ஆனால் வில் ஏறத்தாழ 38 வீதம் கடினமாகிறது. ஒரு மில்லிமீற்றர் அவ்வளவு வேலை செய்கிறது! சுருள்களின் எண்ணிக்கை குறைந்தாலும் கடினம் கூடும். முன் வில்கள் இரண்டும் ஓரளவாகவே இருந்தன. அது ஓர் ஆறுதல்.

பின் வில்கள்தாம் கதையைச் சொல்லின. ஒரு முனை தொழிற்சாலையில் முடிந்தபடி ஒழுங்காக இருந்தது. மறு முனை கரியேறிச் சொரசொரத்திருந்தது. யாரோ காரின் சொந்த வில்லையே நெருப்பால் அறுத்துக் குட்டையாக்கியிருக்கிறார்! உருக்கைப் பதப்படுத்திய வலிமை அவ்வெப்பத்திற் கெடும். அறுத்த இடத்தில் வெடிப்புக் காணலாம். இன்னுமொரு சோதனையும் உண்டு. காரைத் தூக்கிச் சக்கரங்களைத் தொங்கவிட்டால், வில் தன் இருக்கையில் இறுக்கமாக நிற்க வேண்டும். இங்கோ பின் வில் கையால் தள்ளியதும் திரும்பிற்று. குழியில் சக்கரம் இறங்கும் கணத்தில் இத்தகைய வில் இடம்பெயரக்கூடும். பள்ளிக்கூட அளவுகோலை வைத்துக் காரின் அடியையும் அளந்தோம்; தரையிலிருந்து எட்டுச் சென்ரிமீற்றர். யப்பானிலேயே ஒன்பது வேண்டுமென்பது விதி.

பிள்ளை நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அம்மாவை இதிலா ஏற்றப் பார்த்தேன்?" என்றான். அவனைக் கடிந்துகொள்ள நமக்கு வாய் வரவில்லை. அவன் அறுக்கவில்லை, அறுத்தவர் சொல்லவில்லை, கைமாறியவர் எவரும் கேட்கவில்லை.

கொழும்புப் பயணம் ரயிலில் நடந்தது. பின்னர் பஞ்சிகாவத்தையில் தேடி, அந்தக் காருக்கென்றே செய்த வில்கள் நான்கையும் வாங்கினான். முன் வில்கள் ஒருவேளை நல்லனவாகவே இருக்கலாம். ஆயினும் முன்னும் பின்னும் பொருந்த வேண்டுமென்பதால் அவற்றையும் மாற்றினோம். சக்கரங்களின் நேர்த்தியையும் முகப்பு விளக்குகளின் நோக்கையும் திருத்தினோம். காரின் உயரம் மாறினால் இவையும் மாறும். சிங்கம் எழுந்து நின்றது. "அழகு போயிற்று, மாமா" என்று பெருமூச்சு விட்டான். போகட்டும்!

ஆண்டுதோறும் நம் கார்களுக்குப் புகைச் சோதனை நடக்கிறது. அது புகையைப் பார்க்கிறதேயன்றி வில்லைப் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டியவர் வாங்குகிறவரே. காரைப் பதித்துக்கொள்ள விரும்பும் இளைஞரை நாம் குறை கூறவில்லை; அதற்கென்றே அளவறிந்து செய்த பொருள்கள் உள்ளன. அவர்களிடம் ஒன்று மட்டும் வேண்டுகிறோம். எதை மாற்றினீர்கள், என்று மாற்றினீர்கள், அதன் இலக்கம் என்ன என்பதை ஒரு சிறு கொப்பியில் எழுதிக் காருக்குள்ளேயே வையுங்கள். காரை விற்கும்போது கொப்பியையும் கொடுங்கள்.

நம் பிள்ளை அத்தகைய கொப்பி ஒன்று வைத்திருக்கிறான். அதன் முதற்பக்கத்தில் பழைய பின் வில்லைப் பற்றி ஒரே வரி எழுதியிருக்கிறான்: "அறுத்தவர் பெயர் தெரியாது, கழற்றியவன் நான்."