ஏணியாக்கப்பட்ட தில்லி

2025 பிப்ரவரி 8 அன்று வெளியான தில்லி சட்டமன்றத் தேர்தல் முடிவில் பாஜக 48 இடங்களைக் கைப்பற்றியது. ஆம் ஆத்மி கட்சி 22 இடங்களில் சுருங்கியது. புதுதில்லி தொகுதியில் அரவிந்த் கெஜ்ரிவாலே 4,089 வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். 2015இல் 70 இடங்களில் 67ஐ அவருக்கு அள்ளிக் கொடுத்தது இதே தில்லிதான். இடையில் நிகழ்ந்தது என்ன?

வருவாய்த்துறை அதிகாரி, 2006இல் மகசேசே விருதாளர், 2011இல் ஊழல் எதிர்ப்பு மேடை, 2012இல் தனிக்கட்சி, 2013 டிசம்பரில் முதலமைச்சர். 49 நாட்களில் அப்பதவியைத் துறந்தவர், 2014இல் மோடியை எதிர்த்து வாரணாசியில் போட்டியிட்டார். பிரதமர் நாற்காலிக்குச் செல்லும் ஏணியாகவே தில்லியை அவர் கருதினார் என்பது அன்றே புலப்பட்டது.

ஏணியில் விரைந்து ஏறுகிறவருக்குக் கொள்கை ஒரு சுமை. இடதும் வேண்டாம், வலதும் வேண்டாம், பிரச்சனைக்குத் தீர்வு போதும் என்பதே அவரது முழக்கமாயிற்று. அரசுப் பள்ளிகளுக்குக் கூடுதல் நிதி, மொகல்லா மருத்துவமனைகள், 200 யூனிட் வரை கட்டணமில்லா மின்சாரம், பெண்களுக்கு இலவசப் பேருந்துப் பயணம் ஆகியவை உழைக்கும் மக்களுக்குப் பயன்பட்டன. இதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் இந்துத்துவாவை எதிர்த்து நிற்க வேண்டிய தருணங்களில் அவர் எங்கே நின்றார்?

2019 ஆகஸ்டில் ஜம்மு-காஷ்மீரின் மாநிலத் தகுதி பறிக்கப்பட்டு, அது இரண்டு யூனியன் பிரதேசங்களாகப் பிளக்கப்பட்டபோது, தில்லிக்கு முழு மாநிலத் தகுதி கோரிவந்த கெஜ்ரிவால் அதை வரவேற்றார். 2020 பிப்ரவரியில் வடகிழக்குத் தில்லியின் மதவெறி வன்முறையில் 53 உயிர்கள் பலியாயின. தீ எரிந்துகொண்டிருந்தபோது முதலமைச்சர் ராஜ்காட்டில் பிரார்த்தனை செய்தார். அதே மாத இறுதியில், ஜேஎன்யு மாணவர்கள் மீதான தேசத்துரோக வழக்கை நடத்த அவரது அரசு அனுமதி வழங்கியது. 2022இல் ரூபாய் நோட்டில் லட்சுமி, விநாயகர் படங்களை அச்சிடுமாறு பிரதமருக்கே கோரிக்கை விடுத்தார். பாஜகவின் ஆடுகளத்தில் இறங்கி பாஜகவை வென்றுவிடலாம் என்று கணக்கிட்டார். அந்தக் கணக்கு பொய்த்தது.

காஷ்மீருக்கு நேர்ந்தது தில்லியையும் தேடி வந்தது. அதிகாரிகள் மீதான அதிகாரம் தில்லி அரசுக்கே என 2023 மே 11இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எட்டே நாளில் அவசரச் சட்டம் கொண்டுவந்து மோடி அரசு அதைப் பறித்தது. கூட்டாட்சிக்காக இடதுசாரிகள் அந்தச் சட்டத்தை நாடாளுமன்றத்தில் எதிர்த்தனர். 2024 மார்ச் 21இல் அமலாக்கத்துறை கெஜ்ரிவாலைக் கைது செய்ததையும் கண்டித்தனர். அவர் காஷ்மீர் மக்களுக்கு மறுத்த ஜனநாயக நியாயத்தை அவருக்கு மறுக்காமல் இருந்ததே இடதுசாரிகளின் கொள்கை நிலை.

எனவே இத்தோல்வியில் நாம் மகிழ ஏதுமில்லை. வென்றது பாஜக. தில்லியில் நமது பலம் மிகச் சிறியது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் "சித்தாந்தம் பேசாமல் நல்லாட்சி தந்தால் போதாதா?" என்று நம் அணிகளிடையேயும் சிலர் கேட்கும் கேள்விக்கு, தில்லி விடை தந்திருக்கிறது. மக்களுக்குச் சலுகை கொடுத்துவிட்டு அவர்களது உணர்வை எதிரியிடம் ஒப்படைத்தால், எதிரி அதைவிடப் பெரிய சலுகையை வாக்குறுதியாகத் தந்து ஆட்சியைப் பிடிப்பான். குடியிருப்பிலும் ஆலையிலும் நாள்தோறும் மதவெறியை எதிர்த்துப் பேசும் வேலைக்கு மாற்று இல்லை.