அரைப்பக்கம் ஒதுக்குங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மீண்டும் மீண்டும் வரும் குடல் தொற்று பற்றிய கட்டுரையை வரிக்கு வரி ஏற்கிறேன். அதற்குக் காரணமான 'சி. டிஃப்' கிருமியை எங்கள் வீடும் அறியும். பல் வலிக்கென்று அம்மா சாப்பிட்ட ஆன்டிபயாடிக்கில் தொடங்கியது. வயிற்றுப்போக்கு நின்றதென்று நினைத்த மூன்றாவது வாரமே மறுபடி. இரவில் கழிப்பறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். உள்ளே அம்மா சுவரைப் பிடித்துப் பிடித்து எழுந்திருக்கும் சத்தம் கேட்கும். மருந்து கிருமியைக் கொன்றாலும் அதன் வித்துகள் தப்பிவிடும், தடுக்க நல்ல பாக்டீரியாக்களும் மிஞ்சியிருக்காது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

இந்தத் தொற்று திரும்பத் திரும்ப வந்தவர்களிடம் நடத்தி 2013-இல் வெளியான நெதர்லாந்துச் சோதனையில், ஆரோக்கியமானவரின் மலத்திலிருந்து தயாரித்த கரைசலை மூக்குவழிக் குழாயில் செலுத்தியபோது 16 பேரில் 13 பேருக்கு முதல் தடவையிலேயே குணமானது. வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக் மட்டும் எடுத்த 13 பேரில் நால்வருக்குத்தான். பலன் பளிச்சென்று தெரிந்ததால் சோதனையையே முன்கூட்டி நிறுத்தினார்கள். அதே வழியில் வந்த காப்சூலுக்கு 2023-இல் அமெரிக்கா அனுமதி அளித்தது. அருவருப்பு பார்க்காமல் உடன்பட்ட அந்த நோயாளிகளுக்கு நன்றி சொல்லத் தோன்றுகிறது.

ஒரு வேண்டுகோள். நம் நாட்டு மருந்துச் சோதனைகள் சி.டி.ஆர்.ஐ. என்ற இணையப் பதிவேட்டில் பதிவாகின்றன, யாரும் பார்க்கலாம். ஆனால் எத்தனை பேருக்குத் தெரியும்? குடல் நோய்களுக்கு எங்கே சோதனைக்கு ஆள் சேர்க்கிறார்கள், ஒப்புதல் படிவத்தில் எதைக் கவனித்துக் கையெழுத்திடுவது என்பதை மாதம் ஒருமுறை எளிய தமிழில் அரைப்பக்கம் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை